பந்தல் யாருடையது?

ஆவணி பிறந்து சில நாள்கள் சென்றால் எங்கள் பங்கின் ஓரமாய்ச் செல்லும் நெடுஞ்சாலையின் நிறமே மாறிவிடும். காவி உடுத்தி, தோளில் சிறு பையும் கையில் செபமாலையுமாக, வேளாங்கண்ணி நோக்கி நடப்போர் முதலில் பத்துப் பேர், இருபது பேர் என வருவர். பின்னர் நூறு நூறாக வருவர். சிறு தேர் ஒன்றில் அன்னையின் சுரூபத்தை வைத்து இழுத்து வருகிற குழுக்களும் உண்டு. ஆகஸ்டு 29-ஆம் நாள் கொடியேற்றம். செப்டம்பர் 8-ஆம் நாள் அன்னையின் பிறப்புப் பெருவிழா. கொடியேறுவதற்குள் போய்ச் சேர வேண்டும் என்பது பலரது கணக்கு. சென்னையிலிருந்து வேளாங்கண்ணி 300 கிலோமீட்டருக்கு மேல். தென்பெண்ணையையும் கெடிலத்தையும் கடந்து கடலூருக்குள் நுழைகிறவர்கள் பாதி வழியைத் தாண்டியவர்கள். ஆனால் கால்கள் கைவிடத் தொடங்குவதும் இங்கேதான். கடலூரை விட்டதும் ஆலைகளின் நெடி, அதன்பின் உப்புக்காற்று, சாலை அகன்றபோது நிழல் தந்த புளியமரங்கள் பலவும் போய்விட்டன. சிதம்பரத்துக் கோபுரங்கள் கண்ணில் படும்வரை அந்த நடை நீண்டுகொண்டே இருக்கும்.

இந்த வழியில்தான் ஆண்டுதோறும் பத்து நாள்களுக்கு எங்கள் பங்கு மக்கள் ஒரு பந்தல் போடுகிறார்கள். பந்தல் என்றால் வெறும் நிழற்பந்தல் அன்று. இரவு தங்கவும், குளிக்கவும், உண்ணவும், காலுக்கு மருந்திடவும் உரிய ஒரு சிறு பாசறை. காலையில் கஞ்சியும் ஊறுகாயும், பகலில் நீர்மோர், இரவில் எலுமிச்சைச் சோறு அல்லது தக்காளிச் சோறு. பெண்களுக்குத் தனி மறைப்பு, தனிக் கழிப்பறை. இந்தக் கடைசி ஏற்பாட்டுக்கு ஆன செலவும் சிந்தனையும் சோற்றுக்கு ஆனதைவிட அதிகம் என்பதைப் பந்தல் நடத்தியவர்கள் மட்டுமே அறிவர். இப்போதெல்லாம் வந்து நிற்கிற இளைஞர் கேட்கும் முதற்கேள்வி தண்ணீரைப் பற்றியதாக இருப்பதில்லை. கைப்பேசிக்கு மின்னேற்றும் இடம் எங்கே என்பதாகவே இருக்கிறது. அதற்கும் ஒரு நீண்ட பலகையில் பத்துப் பன்னிரண்டு துளைப்பெட்டிகளைப் பொருத்தி வைத்திருக்கிறோம்.

இந்தப் பந்தலின் பொறுப்பு ஒரு கணவன் மனைவியிடம் இருக்கிறது. கணவர் மின்வாரியத்தில் கம்பியாளராய் இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி அரசு மருத்துவமனையில் செவிலியராய் இருந்தவர். பிள்ளைகள் வெளியூர்களில் இருக்கிறார்கள். பத்து நாளும் இருவரும் வீட்டைப் பூட்டிவிட்டுப் பந்தலுக்கே குடிவந்துவிடுவர். வாயிலில் ஒரு மரப்பெஞ்சு; அதுவே அவர்களது அலுவலகம், படுக்கை, சாப்பாட்டு மேசை எல்லாம். அந்த அம்மா கொப்புளம் வெடித்த பாதங்களை மடியில் ஏந்தி, வெந்நீரில் உப்புக் கரைத்துக் கழுவி, மருந்து தடவிக் கட்டுப்போடுவதைப் பலமுறை பார்த்திருக்கிறோம். பெரிய வியாழனன்று பீடத்தருகே பன்னிருவரின் பாதங்களைக் கழுவுகிறோம் அல்லவா? அந்தப் பன்னிருவரும் வீட்டிலேயே சவர்க்காரம் போட்டுக் கால் கழுவிக்கொண்டு வந்தவர்கள்.

இத்தகைய தொண்டு நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்க வனப்பகுதிகளில் மக்கள் கூடாரம் அடித்துத் தங்கும் திடல்கள் உள்ளன. அவற்றில் பலவற்றில், கோடை முழுவதும், பெரும்பாலும் ஓய்வு பெற்ற தம்பதியர், ஊதியமின்றித் தங்கியிருந்து வருவோரை வரவேற்கின்றனர். தங்கள் வண்டி வீட்டை நிறுத்திக்கொள்ள ஓர் இடம் அவர்களுக்கு இலவசம். அதற்கு ஈடாக இடம் காட்டுவது, திடலைத் தூய்மையாய் வைப்பது, இரவில் அமைதி காக்கச் சொல்வது ஆகியன அவர்களின் பணி. இசுபானிய நாட்டில் திருத்தூதர் யாக்கோபின் கல்லறைக்கு நடந்து செல்லும் பழம்பெரும் வழியிலும் தொண்டர்கள் நடத்தும் விடுதிகள் உண்டு. அங்கே பணியாற்ற முன்வருகிறவர் தாமும் ஒருமுறை அவ்வழியே நடந்தவராய் இருத்தல் வேண்டும் என்பது தொண்டர்களைப் பயிற்றுவோர் வைத்துள்ள விதி. பொருள் பொதிந்த விதி. நடக்காதவனுக்குக் கொப்புளம் தெரியாது.

இவர்கள் அனைவருக்கும் பொதுவான ஒன்று உண்டு: எந்த இடத்தில் வரவேற்கிறார்களோ அந்த இடம் அவர்களுடையதன்று. எங்கள் கதையும் அதுவே. பந்தல் நிற்கும் நெற்களம் ஓர் இந்து விவசாயப் பெருமகனாருடையது. அறுவடை இல்லாத மாதமாகையால் ஆண்டுதோறும் வாடகையின்றித் தருகிறார். சோறு வடிக்கும் அண்டாக்களில் இரண்டு மாரியம்மன் கோயில் விழாக்குழுவினுடையவை. அரிசி பலர் வீட்டு அரிசி. ஆனாலும் மூன்றாம் நாள் மாலைக்குள் நாங்கள் அனைவரும் எவ்விதக் கூச்சமும் இன்றி 'நம்ம பந்தல்' என்று சொல்லத் தொடங்கிவிடுகிறோம். இந்தச் சிறு சொல் எங்கிருந்து வருகிறது, நம்மை எங்கே கொண்டுபோய் விடுகிறது என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

முதலில் ஒரு சிறு நிகழ்ச்சி. ஓர் ஆண்டு, இளைஞர் குழு ஒன்று குளியல் தொட்டியில் தண்ணீரை வாரி இறைத்து விளையாடியது. கணவர் பெஞ்சிலிருந்து எழுந்து வந்து, அனைவர் முன்னிலையிலும் அவர்களைக் கடிந்துகொண்டார். "சும்மா குடுத்தா இப்படித்தான்" என்று முடித்தார். அந்தப் பையன்கள் ஒரு சொல்லும் பேசவில்லை. ஈரத் தலையோடு பைகளை எடுத்துக்கொண்டு, உண்ணாமலே நடந்துவிட்டனர். தண்ணீரை வீணாக்கியது தவறுதான்; வண்டித் தண்ணீரின் விலை எங்களுக்குத் தெரியும். ஆனால் அன்றிரவு அந்த அம்மா சொன்னது எங்களைத் தூங்கவிடவில்லை. "சாமி, ஆஸ்பத்திரியில நான் ஒரு நோயாளியத் திட்டினா அவங்க மேல எழுதிப் போடலாம். இங்க இவரு திட்டினா அவங்க யாருகிட்டப் போய்ச் சொல்லுவாங்க?"

காசு வாங்கிக்கொண்டு இடம் தருகிற விடுதிக்காரன் விருந்தினனை நோக்கி அப்படிப் பேச முடியாது. பேசினால் அடுத்த கடைக்குப் போய்விடுவான். சம்பளம் வாங்குகிற ஊழியனுக்கு மேலாளர் உண்டு. இலவசமாய்ச் செய்கிற தொண்டனுக்கோ தட்டிக் கேட்பார் யாரும் இல்லை. பெறுகிறவன் நன்றிக்கடன்பட்டவன், அவன் வாய் கட்டப்பட்டிருக்கிறது. ஊதியம் வாங்காமை என்ற அதே தூய்மை, ஒரு சிறு அரசாட்சியையும் கையில் தந்துவிடுகிறது. இது பந்தலுக்கு மட்டும் உரியதன்று. பங்குப்பேரவைகளிலும், பாடகர் குழுக்களிலும், மறைக்கல்வி வகுப்புகளிலும், ஏன், குருமனைகளிலும், 'நான் என்ன சம்பளத்துக்கா செய்கிறேன்?' என்ற கேள்வி எத்தனை பேரின் வாயை அடைத்திருக்கிறது!

இனி நாங்கள் செய்த பிழைக்கு வருகிறோம். 'நாங்கள்' என்று எழுதினாலும் முடிவு சொன்ன வாய் பங்குக்குருவின் வாய்தான். அதைப் பங்கு மக்கள்மேல் போடுவது முறையன்று.

அது 2019-ஆம் ஆண்டு. நான்காம் நாள் இரவு நல்ல மழை. நூற்றிருபது பேர் படுக்கக்கூடிய பந்தலில் இருநூறு பேருக்கு மேல் ஒண்டியிருந்தனர். மணி பதினொன்றாகியிருக்கும். ஓர் ஆண், ஒரு பெண், அவள் இடுப்பில் ஒரு குழந்தை. பந்தலின் விளிம்பில், உள்ளும் அன்றி வெளியும் அன்றி நின்றனர். காவி உடை இல்லை. கரும்பு வெட்டும் வேலைக்கு வந்து, கடைசிப் பேருந்தைத் தவறவிட்டவர்கள். கணவர் எங்களிடம் வந்து, "சாமி, நடந்து போறவங்க இல்ல. என்ன செய்யச் சொல்றீங்க?" என்று கேட்டார். பந்தல் திருப்பயணியருக்கென்றே போடப்பட்டது. நடந்து களைத்தவர்களுக்கே இடம் போதவில்லை. அறியாதவர்களை உள்ளே விட்டு எதுவும் காணாமற்போனால் யார் பொறுப்பு? இவை எல்லாம் ஒரே நொடியில் மனத்தில் ஓடின. சற்றுத் தள்ளி ஒரு பேருந்து நிழற்குடை இருக்கிறது என்றும், சோறு இருந்தால் கட்டிக் கொடுக்கலாம் என்றும் சொன்னோம். பொட்டலங்களை வாங்கிக்கொண்டு அவர்கள் மழையில் போனார்கள். குடை கூடக் கொடுக்கத் தோன்றவில்லை.

காலையில் கஞ்சி ஊற்றும்போது, பட்டறைத் தொழிலாளி போல் தோன்றிய நடுவயதுத் திருப்பயணி ஒருவர் எங்களிடம் வந்தார். இரவு நடந்ததை அவர் படுத்தபடியே கேட்டிருக்கிறார். குரலை உயர்த்தவில்லை. "சாமி, எங்களக் கேட்டிருக்கலாமே. நாலு பேரு எழுந்து உக்காந்திருப்போம். ஒரு ராத்திரிதானே" என்றார். கும்பிட்டுவிட்டு நடந்துவிட்டார். நாங்கள் நிழற்குடைக்கு ஆள் அனுப்பினோம். அங்கே யாரும் இல்லை, முதற்பேருந்துக்குப் போயிருப்பார்கள்.

எங்களைக் கேட்டிருக்கலாமே! இந்தச் சொல்லை எத்தனையோ நாள் அசைபோட்டோம். 'விருந்தினரின் நலனுக்காக' என்று சொல்லித்தான் அந்தக் குடும்பத்தைத் திருப்பி அனுப்பினோம். ஆனால் அந்த விருந்தினரை ஒரு சொல் கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை? பந்தல் எங்களுடையது என்று நினைத்ததால். கொடுக்கும் உரிமை எங்களுக்கு. பெறும் கடமை அவர்களுக்கு. பெறுகிறவனுக்கும் கொடுக்க ஏதேனும் இருக்கும் என்பது நினைவிலேயே எழவில்லை.

குருமடத்தில் ஆபிரகாமின் விருந்தோம்பலைப் படித்தபோது எங்கள் கவனம் எல்லாம் அந்த மூன்று விருந்தினர் யார் என்பதிலேயே இருந்தது. மூவொரு கடவுளின் நிழல் அங்கே உண்டா என்று விவாதித்தோம். விருந்தளித்தவர் எங்கே இருந்தார் என்பதை யாரும் கேட்கவில்லை. அவர் கூடாரத்தில் இருந்தார். மம்ரேயின் மரங்கள் அவருடையவை அல்ல. நிலம் அவர் பெயரில் இல்லை. தொடக்கநூலைத் தொடர்ந்து படித்தால், அவர் விலை கொடுத்து வாங்கிய நிலம் ஒன்றே ஒன்று: மனைவி சாராவை அடக்கம் செய்ய இத்தியரிடம் 400 வெள்ளிச் செக்கேல் கொடுத்து வாங்கிய கல்லறை நிலம். அப்போதும் அவர்களிடம் தம்மை அந்நியன் என்றே அறிமுகப்படுத்திக்கொள்கிறார். விவிலியத்தின் மாபெரும் விருந்தோம்பி ஒரு வந்தேறி! பிற்காலத்தில் இசுரயேலர் நிலம் பெற்றுக் குடியேறியபோதும், நிலம் ஆண்டவருடையது, நீங்கள் அவரிடம் தங்கியிருக்கும் அந்நியர் என்ற நினைவூட்டலை லேவியர் நூலின் 25-ஆம் அதிகாரம் சட்டமாகவே வைத்துவிட்டது. யோவான் நற்செய்தியின் தொடக்கத்தில் வாக்கு நம்மிடையே குடிகொண்டதைச் சொல்லும் கிரேக்கச் சொல்லும் கூடாரம் அடித்தலைக் குறிப்பதே.

ஆகவே விருந்தோம்பலுக்கு அடிப்படை 'என்னுடையது, ஆகையால் தருகிறேன்' என்பதன்று. 'நானும் இங்கே தங்கவந்தவன், ஆகையால் சற்று ஒதுங்கி இடம் விடுகிறேன்' என்பதே. இரண்டும் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோலத் தோன்றும்; இரண்டிலும் விருந்தினன் வயிறு நிறையும். மழை இரவில்தான் வேறுபாடு தெரிகிறது.

இந்த மண்ணில் இதை வாழ்ந்து காட்டியவர் எங்கள் பங்கிலிருந்து சில மணி நேரப் பயணத்திலேயே இருக்கிறார். சிதம்பரத்துக்கு அண்மையில் மருதூரில் 1823-இல் பிறந்த இராமலிங்க அடிகள், வடலூரில் 1867-ஆம் ஆண்டு மே 23-ஆம் நாள் சத்திய தருமச்சாலையைத் தொடங்கினார். அன்று மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையவில்லை. சாதி சமயம் கேட்காமல் நாள்தோறும் சோறு வழங்கப்படுகிறது. இது நம்மில் பலரும் அறிந்த செய்தி. நாம் அவ்வளவாகக் கவனிக்காத செய்தி வேறு: அதைத் தொடங்கியபோது அவருக்கென்று ஒரு வீடு இல்லை. கருங்குழியில் ஓர் அன்பரின் இல்லத்தில் தங்கியிருந்தார். தருமச்சாலை எழுந்த இடம் ஊர்மக்கள் ஒன்றுகூடி விட்டுக்கொடுத்த எண்பது காணி நிலத்தைச் சேர்ந்தது. பிறர் வீட்டு விருந்தினராய் இருந்த ஒருவர், பிறர் கொடுத்த நிலத்தில், பசித்தவர்க்கெல்லாம் அடுப்பு மூட்டினார். அவரோடு நமக்குக் கோட்பாட்டில் வேறுபாடுகள் உண்டு. ஆனால் பந்தல் போடுகிற பங்குகள் ஒருமுறை வடலூருக்குப் போய், அந்த அடுப்பின் முன் ஐந்து நிமிடம் நின்றுவிட்டு வருவது நல்லது என்பது எங்கள் கருத்து.

இங்கே ஓர் எதிர்வாதம் எழும், எழவும் வேண்டும். ஒழுங்கில்லாத பந்தல் யாருக்கும் பயன்படாது. பெண்கள் பகுதிக்குள் ஆண்கள் நுழையக் கூடாது. குடித்துவிட்டு வருகிறவன் தூங்குகிறவர்களை எழுப்பக் கூடாது. தார்ப்பாயின் கீழ் அடுப்பு மூட்டக் கூடாது. இவற்றை விட்டுக்கொடுப்பது அன்பன்று, அசட்டை. தொடக்கத் திருச்சபையும் இதை அறிந்திருந்தது. பன்னிரு திருத்தூதரின் போதனை எனப்படும் மிகப் பழைய ஏடு, வழிப்போக்கனாய் வருகிறவனுக்கு இயன்றமட்டும் உதவச் சொல்கிறது. ஆனால் அவன் இரண்டு நாள், தேவையானால் மூன்று நாளுக்கு மேல் தங்கலாகாது என்றும், குடியேற விரும்பினால் உழைத்து உண்ண வேண்டும் என்றும் வரையறுக்கிறது. செருமானிய மெய்யியலார் காண்ட்டு, தம் ஊரான கோனிக்சுபர்க்கை விட்டு அதிகம் நகராதவர், 1795-இல் எழுதிய நிலையான அமைதி பற்றிய நூலில் ஒரு நுட்பமான கோடு கிழித்தார்: அந்நியனுக்கு விருந்தினனாய் நடத்தப்படும் உரிமை இல்லை, ஆனால் வந்து நிற்கும் உரிமை உண்டு, ஏனெனில் பூமி உருண்டை, மனிதர் எல்லையின்றிச் சிதறிப்போக முடியாது, எங்கோ ஓரிடத்தில் ஒருவரையொருவர் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும். சட்டத்துக்கு இது போதுமானது. நற்செய்திக்குப் போதாது.

எமக்கு அதிகம் உதவியது புனித ஆசீர்வாதப்பரின் ஒழுங்குநூல். வருகின்ற விருந்தினர் அனைவரையும் கிறிஸ்துவாகவே ஏற்கும்படி 53-ஆம் அதிகாரம் பணிக்கிறது. இது பலர் மேற்கோள் காட்டுவது. அதே அதிகாரம் ஏழைகளையும் வழிப்பயணிகளையும் வரவேற்பதில் தனிக் கவனம் வேண்டும் என்கிறது. செல்வரைக் கண்டால் நமக்குத் தாமாகவே மரியாதை வந்துவிடும் என்ற உலகறிவு அதில் தெரிகிறது. விருந்தினருக்குத் தனிச் சமையற்கட்டு, பொறுப்பாளர் நியமனம் என ஒழுங்குகளும் நிறைய உண்டு. ஆனால் அந்த ஒழுங்குகள் எல்லாம் எந்தப் பக்கம் நோக்கி நிற்கின்றன என்று பாருங்கள். விருந்தினர் எந்நேரம் வந்தாலும் தடுமாற்றம் இல்லாதிருக்க மடம் தன்னைத்தானே ஒழுங்குபடுத்திக்கொள்கிறது. வாயிற்காப்பாளர் வயது முதிர்ந்த அறிவாளியாய், கதவருகிலேயே தங்குகிறவராய் இருக்க வேண்டும். யாரேனும் தட்டினால் முதலில் இறைவனுக்கு நன்றி சொல்ல வேண்டும். எங்கள் விதிகளை இந்த வெளிச்சத்தில் பார்த்தபோது சில விதிகள் பயணியர் தூங்குவதற்காகவும், வேறு சில நாங்கள் நிம்மதியாய்த் தூங்குவதற்காகவும் ஏற்பட்டவை என்பது புலனாயிற்று. 'திருப்பயணியர்க்கு மட்டும்' என்ற பலகை இரண்டாம் வகை.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லியாக வேண்டும். பந்தல் தொடங்கிய ஆண்டுகளில், காலனித் தெருவைச் சேர்ந்த பெண்கள் அண்டாவின் அருகே கரண்டி பிடித்து நின்றபோது, சில வீடுகளிலிருந்து வந்துகொண்டிருந்த அரிசி ஓசையின்றி நின்றது. காரணம் யாரும் சொல்லவில்லை. கேட்டால் 'இந்த வருசம் விளைச்சல் இல்லீங்க சாமி' என்றார்கள். நடந்து வந்தவர்களில் ஒருவர்கூட, இத்தனை ஆண்டுகளில், 'யார் சமைத்தது?' என்று கேட்டதில்லை. இறைமக்கள் இதைச் சிந்திக்க வேண்டும். பசியோடு சாலையில் நிற்கிறவனுக்கு வராத ஐயம், வீட்டில் உட்கார்ந்திருக்கிறவனுக்கு ஏன் வருகிறது? சொந்தம் கொண்டாட ஓர் இடம் இருக்கிறவனுக்கே சாதி தேவைப்படுகிறது. தில்லையின் எல்லையில் நின்றுவிட்ட நந்தனாரின் வரலாறு இந்த வட்டாரத்தார்க்குப் புதிதன்று. அவர் பெயரால் 1916-இல் சிதம்பரத்தில் கல்விச்சாலை தொடங்கி, ஒடுக்கப்பட்ட பிள்ளைகள் தங்கிப் படிக்க வழிசெய்தவர் சுவாமி சகசானந்தர். வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்ட மரபில் வந்த ஒருவர் வாசல் திறந்தார். ஒரே திருச்சிலுவையின் கீழ் இரண்டு கல்லறைத் தோட்டங்களை வைத்திருக்கும் ஊர்கள் இன்னும் நம்மிடையே உள்ளபோது, பந்தலில் எல்லாருக்கும் சோறு போட்டோம் என்பதில் பெருமை கொள்ள நமக்கு அவ்வளவு உரிமை இல்லை.

வீடிழந்தவர்களே விருந்தோம்பலின் பொருளை நமக்குக் கற்பித்த நாள்களும் இக்கரையில் உண்டு. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. கடல் பொங்கி வந்து கடலூர்க் கரையோரக் குப்பங்களை வாரிச் சென்றது. அந்நாள்களில் பரங்கிப்பேட்டை இசுலாமிய சமாத்தினர் சுற்றுப்புற மீனவ மக்களுக்குச் சமைத்துப் போட்டதை இன்றும் இப்பகுதியினர் சொல்வதுண்டு. கோயில்கள், பள்ளிகள், திருமண மண்டபங்கள் எல்லாம் திறந்தன. அப்போது 'யாருக்கு மட்டும்' என்று எங்கும் பலகை இல்லை. அண்டாவின் அருகே நின்று பரிமாறியவர்களில் அன்று காலை வரை வீடு இருந்தவர்களும் இருந்தார்கள். யார் கொடுக்கிறவர், யார் பெறுகிறவர் என்று பிரித்துச் சொல்ல அந்த வாரம் யாராலும் இயலவில்லை.

எம்மாவு நிகழ்ச்சியில் லூக்கா சொல்லாமல் சொல்வதும் இதுவே. சீடர்கள் வழிப்போக்கரை வற்புறுத்தி அழைத்தார்கள். வீடும் மேசையும் அவர்களுடைய பொறுப்பு. ஆனால் பந்தியில் அமர்ந்ததும் அப்பத்தை எடுத்துப் பிட்டுக் கொடுத்தவர் விருந்தினர். விருந்தளித்தவர்கள் கையை விட்டு விருந்து நழுவிப்போன அந்த நொடியில்தான் அவர்கள் கண்கள் திறந்தன. அவர்கள் அப்பத்தைத் தம் கையிலேயே இறுகப் பிடித்திருந்தால்? அந்த 2019-ஆம் ஆண்டு இரவில் நாங்கள் பிடித்திருந்தது அப்படித்தான். அப்பத்தைப் பிட அந்தத் தொழிலாளிக்கு நாங்கள் இடம் விடவில்லை.

பிழையைத் திருத்திக்கொள்ள அடுத்த ஆண்டு இருக்கிறது என்று எண்ணினோம். அடுத்த ஆண்டு இல்லை. பெருந்தொற்று வந்தது, 2020-லும் 2021-லும் வேளாங்கண்ணிப் பெருவிழாவுக்குத் திருப்பயணியர் அனுமதிக்கப்படவில்லை. ஆகஸ்டு மாதத்துச் சாலை வெறுமையாய்க் கிடந்தது. மின்வாரியத்தார் மட்டும் மாலை வேளைகளில் மிதிவண்டியில் நெற்களத்துக்குப் போய், பந்தற்கால் நட்ட குழிகளுக்கு அருகே சற்றுநேரம் நின்றுவிட்டு வருவாராம். அவர் மனைவி சொல்லித் தெரிந்தது. விருந்தினரால் விருந்தோம்பிக்கு எவ்வளவு தேவை நிறைவேறுகிறது என்பதை அந்த இரண்டு ஆண்டுகள் சொல்லிக்கொடுத்தன. அதையும் ஒரு நன்மை என்றே கணக்கில் வைத்தோம்.

2022-இல் மீண்டும் காவி உடைகள் தோன்றின. பந்தல் போட்டோம். பழைய பலகையைக் கொண்டுவரவில்லை. நன்கொடையாளர் பெயர்களைத் தாங்கிய பெரிய நெகிழித் தட்டியையும் விட்டுவிட்டோம். அதற்குச் சிலர் வருந்தினர்; ஒருவர் இன்றுவரை எங்களோடு சரியாகப் பேசுவதில்லை. இரவு பத்து மணிக்கு மேல் யார் வந்தாலும், இடம் இருக்கிறதா என்பதைப் பந்தலில் படுத்திருப்பவர்களிடமே கேட்பது என்று முடிவு செய்தோம். இது எப்போதும் இனிதாய் நடந்தது என்று சொல்ல மாட்டோம். ஒருநாள் ஒரு குழு மறுத்தது. அன்று மின்வாரியத்தாரே தம் பெஞ்சை விட்டுக்கொடுத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்து விடியவைத்தார். இன்னொரு நாள் குடிபோதையில் வந்தவரைக் காலைவரை வெளியே திண்ணையில்தான் இருத்த முடிந்தது. அவருக்கும் சோறு போயிற்று. ஒரு கைப்பேசி காணாமற்போனது. யார் எடுத்தார் என்பது தெரியவில்லை. பந்தலில் அன்றிரவு காவி உடுத்தாதவர் ஒருவரும் இல்லை.

அந்த ஆண்டுப் பந்தலின் கடைசி இரவு. அடுத்த கிளைப்பங்கில் ஒரு முதியவருக்கு நோயில்பூசுதல் கொடுத்துவிட்டுத் திரும்ப நள்ளிரவாகிவிட்டது. மழைத் தூறல். அங்கி இல்லை, சாதாரணச் சட்டையும் தலையில் ஒரு துண்டும். வண்டியை நிறுத்திவிட்டுப் பந்தலுக்குள் எட்டிப் பார்த்தோம். கணவனும் மனைவியும் உள்ளே எங்கோ அயர்ந்து தூங்கிவிட்டனர். வாயிற்பெஞ்சில் காவி வேட்டியோடு ஓர் இளைஞர் உட்கார்ந்திருந்தார். ஒரு காலில் கட்டு. எங்களை யார் என்று அவருக்குத் தெரியாது. எழுந்து நின்று, "வாங்கய்யா, நனையாதீங்க. அந்த ஓரத்துல ரெண்டு ஆளுக்கு இடம் இருக்கு. சாப்ட்டீங்களா?" என்றார். பதிலுக்குக் காத்திராமல் நொண்டியபடியே போய், அண்டாவின் அடியில் மிஞ்சியிருந்த எலுமிச்சைச் சோற்றை இலையில் வைத்துக் கொண்டுவந்து கொடுத்தார். யார் என்று சொல்லிவிடலாமா என ஒரு கணம் தோன்றியது. சொல்லவில்லை. காட்டிய ஓரத்தில் உட்கார்ந்து உண்டோம். சோற்றில் உப்புச் சற்றுத் தூக்கலாய் இருந்தது.